ஏழு மவுத் ஆர்கனும் ஒன்றரைக் கட்டையும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் சென்னை விம்கோ நகர்ப் பக்கம் மவுத் ஆர்கன் விசாரிக்கும் பையன்கள் கூடிவிடுவார்கள். கிடாரோடு கேரல் பாட வீடு வீடாகப் போகிறவர்களுக்கு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய வாத்தியம் அது ஒன்றுதான். கைபேசியில் படத்தைக் காட்டி, “அண்ணே, பெட்டியோட ஏழு பீஸு. நல்லதா ஒண்ணு தனியா வாங்குனாலே இந்த வெல ஆவுது. எடுத்துடலாமா?” என்பார்கள். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: “பாடுறது யாருப்பா? எத்தனை கட்டை சுருதி?”

இந்த மலிவுப் பெட்டிகளில் வருபவை பத்துத் துளை டயட்டோனிக் வகை. ஊதப் பத்து, இழுக்கப் பத்து என்று இருபது ரீடு. ஆர்மோனியத்தில் இருக்கும் கறுப்புக் கட்டை சமாசாரம் இதில் கிடையாது; ஒரு சுருதிக்கு உண்டான ஏழு ஸ்வரம் மட்டுமே. அதனால்தான் பல சுருதிகளில் பல வாத்தியம் தேவைப்படுகிறது. பெட்டியில் வழக்கமாக இருக்கும் ஏழு எவை? ஜி, ஏ, பி ஃபிளாட், சி, டி, இ, எஃப். ஹோனர் கம்பெனியின் பீட்மாண்ட் ப்ளூஸ் பெட்டியிலும் இவைதான். நம் கணக்கில் சொன்னால் ஐந்து, ஆறு, ஆறரை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கட்டை. இப்போது இல்லாததைப் பாருங்கள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஏழு. நம்மூரில் ஆண் குரல் பலவும் நிற்பது ஒன்றரையில். பெண் குரல் பலவும் ஐந்தரையில்.

பெட்டி போட்டவர்கள் மேல் தப்பில்லை. கிடாருக்குத் தோதான சுருதிகளைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். கேரல் பையன்களுக்கு, கிடார்க்காரர் ஜி, சி, டி என்று வாசிக்கும்வரை, அது போதும். மெல்லிசைக் குழுவிலோ, கர்நாடக சங்கீதம் கற்ற அக்கா ஒருவர் பாடும்போதோ போய் நின்றால்தான் தெரியும், ஏழு வாத்தியம் கையில் இருந்தும் ஒன்றும் சேராது.

ஆனால் ‘சி என்றால் ஒரு கட்டைக்கு மட்டும்’ என்று நினைக்க வேண்டாம். ப்ளூஸ் வாசிப்பவர்கள் ஜி சுருதிப் பாட்டுக்கு சி வாத்தியத்தைத்தான் எடுப்பார்கள். அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது கிரகபேதம். ஒரு கட்டை வாத்தியத்தில் ஸட்ஜமத்தை அதன் இடத்திலேயே வைத்தால் சங்கராபரணம். இரண்டாம் கட்டைக்கு நகர்த்தினால் கரகரப்பிரியா, நாலுக்குக் கல்யாணி, ஐந்துக்கு ஹரிகாம்போதி, ஆறுக்கு நடபைரவி. மோகனத்துக்கு நடுவில் நாலாம் துளையிலிருந்து ஏழாம் துளைக்குள் எல்லாமே கிடைத்துவிடும். மாயாமாளவகௌளையை மட்டும் இதில் தேடாதீர்கள். அந்த ஸ்வரங்கள் இந்த ரீடுகளில் நேராக அமையாது. அதற்குப் பொத்தான் அழுத்தும் க்ரோமாட்டிக் வேண்டும், அது வேறு விலை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் எதை வாங்குவது என்று தெரிந்துவிடும். பாடுபவர் ஒரு கட்டை என்று வையுங்கள். சங்கராபரணச் சாயல் பாட்டுக்கு சி, ஹரிகாம்போதிக்கு எஃப், கரகரப்பிரியாவுக்கு பி ஃபிளாட். மூன்றும் அந்த மலிவுப் பெட்டியிலேயே இருக்கின்றன, தாராளமாக வாங்கலாம். அவரே ஒன்றரைக் கட்டை என்றால்? மேலே சொன்ன ராகங்களுக்கு ஏழில் உதவுவது இ ஒன்றுதான், அதுவும் நடபைரவிக்கு. மற்ற ஆறும் வேடிக்கை பார்க்கும். அவருக்கு ஒன்றரையை ஒற்றையாக வாங்கிவிடுவதே லாபம். அதே வாத்தியம் ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு ஹரிகாம்போதியும் கொடுக்கும். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு ஆயிற்று.

கடையில் கேட்கும்போது ‘சி ஷார்ப்’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். பெட்டிமேல் டி ஃபிளாட் என்று போட்டிருக்கும். அப்படியே இரண்டரை என்பது இ ஃபிளாட், ஐந்தரை என்பது ஏ ஃபிளாட். நாலரைக்கு மட்டும் எஃப் ஷார்ப்.

கடைக்குப் போக இப்போது சிரமமில்லை. மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் மாறாமல் மவுண்ட் ரோடு. 1842இலிருந்து இருக்கும் மியூஸி மியூசிக்கல் அங்கேதான். ஒரு விஷயம்: வாயில் வைக்கும் பொருள் என்பதால் கடையில் ஊதிப் பார்க்க விடமாட்டார்கள், விடாததே நல்லது. கைத்துருத்தி வைத்திருந்தால் அதில் வைத்து அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதே காரணத்தால், பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுப்பதும் அபூர்வம். இணையத்தில் வாங்குவதற்கு முன் அந்த நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இருபது ரீடையும் ஒவ்வொன்றாக மெல்ல ஊதியும் இழுத்தும் பாருங்கள். மூச்சை அழுத்தினால்தான் பேசும் ரீடு, பாட்டுக்கு நடுவே காலை வாரும். பிறகு ஒன்றாம் துளையையும் நாலாம் துளையையும் சேர்த்து ஊதி, நடுவிலிருக்கும் இரண்டையும் நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஸட்ஜமமும் நடு ஸட்ஜமமும் ஒரே கோடாகக் கேட்க வேண்டும். அலை அடித்தால் சுருதி விலகியிருக்கிறது. மலிவு செட்டில் ஜியும் எஃபும்தான் முதலில் சோதிக்க வேண்டியவை. ஜியின் கனத்த ரீடுகள் எழும்பச் சோம்பல் படும். எஃபின் மேல் துளைகள் கிறீச்சிடும். நடுவில் இருக்கும் சியும் டியும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றும் லாரிப் புழுதியும் சேர்ந்த இடம் இது. ரீடுத் தகடுகளுக்கு இடையில் இருக்கும் நடுக்கட்டை மரமாக இருந்தால் ஈரத்தில் உப்பி உதட்டைக் கிழிக்கும். பிளாஸ்டிக் நடுக்கட்டையே பார்த்து வாங்குங்கள். மேல்தகடு ஆணி அடித்ததா, ஸ்க்ரூ போட்டதா என்றும் பாருங்கள். ஸ்க்ரூ என்றால் திறந்து ரீடில் மாட்டிய தூசியை எடுக்கலாம், தகட்டோடு ஒட்டிக்கிடக்கும் ரீடைக் கொஞ்சம் தூக்கி விடலாம். ஆணி என்றால் ஒரு தடவை பிடுங்கியதோடு சரி, பழையபடி இறுகாது. வாசித்ததும் துளைகளைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டி எச்சிலை இறக்கிவிட்டு, காய்ந்த பிறகுதான் பெட்டியில் போட வேண்டும்.

இரட்டை வரிசைத் துளை வைத்த ட்ரெமோலோவைப் பெரியவர்கள் சிபாரிசு செய்வார்கள். ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு, இம்மி விலகலோடு. அந்த நடுக்கம் மெட்டுக்கு இனிமைதான். ஆனால் ரீடை வளைத்துக் கமகம் மாதிரி இழுக்க அதில் இடமில்லை. ‘ஷோலே’ பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு உபரித் தகவல்: திரையில் வாயில் வைத்தவர் அமிதாப், வாசித்தவர் பானு குப்தா.

நான் ஒவ்வொரு வாத்தியத்தின் மூடியிலும் எழுத்துக்குப் பதில் கட்டையை எழுதி ஒட்டியிருக்கிறேன். டி ஃபிளாட்டின் மேல் ‘ஒன்றரை – சங்கரா, ஐந்தரை – ஹரி’. மேடை இருட்டில் கணக்குப் போட வேண்டியதில்லை.