பழைய பல்லில் கிடைத்த பதில்

பத்தாம் வகுப்பில் தொற்றுநோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சூறையாடிய 'கறுப்புச் சாவு', எர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியாவால் வந்த பிளேக் நோய் என்றேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்தக் கிருமியை 1894-லதான் கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னீங்க. 1348-ல செத்தவங்களுக்கு அதுதான் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அதன்பின் அந்தப் பாடவேளையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்கு உறுத்தலாகவே இருந்தது. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அதே கேள்வியை ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறார்கள். நோய் பரவிய வேகத்தைப் பார்த்து, அது பிளேக் அல்ல, ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சல் என்று வாதிட்டவர்களும் உண்டு.

விடை பற்களில் இருந்தது. பல்லின் நடுவே உள்ள பற்கூழுக்கு இரத்த நாளங்கள் செல்கின்றன. இரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் ஒருவர் இறந்தால், அதன் டி.என்.ஏ. அங்கே தங்கிவிடும். கடினமான எனாமல் அதைக் காக்கும். இலண்டனில் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டு என்ற இடுகாடு கறுப்புச் சாவில் இறந்தவர்களுக்காகவே திறக்கப்பட்டது. அங்குப் புதைக்கப்பட்டவர்களின் பற்களைக் குடைந்து எடுத்த துகளிலிருந்து, 2011-இல் அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை ஆய்வாளர்கள் மீட்டெடுத்தனர். இன்றைய பிளேக் கிருமியின் வரிசையைக் கொண்டு செய்த டி.என்.ஏ. இழைகளைத் தூண்டில்போல் பயன்படுத்தி, பழைய துண்டுகளைப் பிடித்தனர்.

அவை இன்றைய கிருமியிலிருந்து ஒட்டியவை அல்ல என்பதற்கு என்ன சான்று? காலப்போக்கில் டி.என்.ஏ. சிறு துண்டுகளாக உடையும். துண்டுகளின் ஓரங்களில் சைட்டோசின் சிதைந்து யுராசிலாகும். வரிசையைப் படிக்கும்போது அது தைமின் எனத் தெரியும். இந்தச் சிதைவே பழமைக்கு அடையாளம்.

இதை வகுப்பில் ஒரு செயல்பாடாகச் செய்தேன். ஒரு பத்தியை ஐந்து நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடங்களில் கிழித்தேன். ஓரங்களில் தேநீர்க் கறை படியவைத்து, சில துண்டுகளை எறிந்துவிட்டேன். வேறொரு பத்தியின் கறையில்லாத துண்டுகளையும் கலந்தேன். மாணவர்கள் குழுவாக அமர்ந்து, கறையில்லாதவற்றை ஒதுக்கி, ஒரே சொற்கள் வரும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பத்தியை மீட்டார்கள். ஓரிரு இடைவெளிகள் நிரம்பவே இல்லை. அவற்றை ஊகித்து எழுதாமல் அப்படியே விடச் சொன்னேன்.

பிறகு கிர்கிஸ்தானின் காரா-ஜிகாச் இடுகாட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பகுதி இடுகாடுகளில் காலம் பொறித்த 467 கல்லறைக் கற்களில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சில கற்களில் கொள்ளைநோயால் இறந்தார் என்றே சிரியாக் மொழியில் எழுதியிருக்கிறது. அந்தப் பகுதி இடுகாடுகளில் கிடைத்த ஏழு பேரின் பற்களை ஆராய்ந்ததில், மூவரிடம் பிளேக் கிருமியின் டி.என்.ஏ. இருந்ததாக 2022-இல் ஆய்வு வெளியானது.

அதே மாணவி மறுபடி எழுந்தாள். "அப்போ மத்த நாலு பேருக்கும் பிளேக் இல்லையா சார்?"

இம்முறை உட்காரச் சொல்லவில்லை. "நாம எறிஞ்ச துண்டுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன். சற்று யோசித்தாள். "எழுத்து இருந்துச்சு சார், நமக்குத்தான் கிடைக்கல" என்றாள். கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதை, நான் விளக்கும் முன்பே வகுப்பு புரிந்துகொண்டது.

ஆசிரிய நண்பர்களே, இந்தச் செயல்பாட்டுக்கு ஒரு பாடவேளையும் சில தாள்களும் போதும். மரபியல் பாடத்தில் டி.என்.ஏ. அமைப்பை நடத்தியபின் செய்தால் நன்றாகப் பொருந்தும். "எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு உடனே பதில் தெரியாவிட்டால், "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறியது அதைத்தான்.