பத்தாம் வகுப்புப் பாடத்தில் டார்வின் எங்கே?

இந்த மாதம் 'அறிவியல் பக்க'த்தில் ஒரு பாடத்தைப் பற்றி அல்ல, காணாமல் போன ஒரு பாடத்தைப் பற்றிப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

2018 ஜனவரி. அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை, அதனால் பாடத்திட்டத்தை மாற்றணும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட்டன. விஷயம் முடிஞ்சதுன்னு நினைச்சோம்.

அடுத்த திருப்பம் சத்தமில்லாமல் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. பாடங்களை வெட்டியது. பத்தாம் வகுப்பில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபு' ஆனது. 2023 ஏப்ரலில் 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துக் கடிதம் எழுதினாங்க.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கே?

என்.சி.இ.ஆர்.டி. சொன்ன பதில் இதுதான். உண்மைதான், இருக்கு. ஆனால் யாருக்கு? உயிரியல் எடுத்தவங்களுக்கு மட்டும். நம்ம காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் இருந்து வந்தவங்க எத்தனை பேர்? எல்லாரும் கட்டாயமாக அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாவதுதான். அங்கே இல்லையென்றால் பலருக்கு வாழ்நாளில் எங்கேயும் இல்லை.

யாரும் பார்த்ததில்லையா?

முதலில், இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று பரிணாமக் கொள்கை சொல்லவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது. அது இயங்கும் விதம் மூன்று படி: ஓரினத்துக்குள் வேறுபாடு இருக்கும், அது அடுத்த தலைமுறைக்குப் போகும், சூழலுக்குப் பொருந்துவது அதிகம் பெருகும்.

இதை நம்ம விவசாயிங்க கண்ணாலேயே பார்த்துட்டாங்க. பி.டி. பருத்தி வந்த சில வருடங்களிலேயே, அதன் நச்சைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுக்கள் குஜராத்தில் பெருகியது 2010-ல் உறுதியானது. எந்தப் புழுவும் முயற்சி செய்து மாறவில்லை. தாங்காதவை செத்தன, தாங்கியவை இனப்பெருக்கம் செய்து பெருகின, அவ்வளவுதான். இதே மூன்று படியைத்தான் ஜான் ஹாலண்ட் கணினிக்குக் கொண்டு வந்தார். நாம் படிக்கிற ஜெனட்டிக் அல்காரிதம் அதுதான்!

காலம் என்ற கணக்கு

பரிணாமத்தை நம்ப முடியாததற்குக் காரணம், அது கேட்கும் காலம் நம் மனசுக்கு அடங்காதது. செஞ்சிக் கோட்டையே நமக்கு ரொம்பப் பழசு. அதன் வயது நூற்றாண்டுக் கணக்கு. அங்கிருந்து திண்டிவனம் தாண்டிப் போனால் திருவக்கரை. அங்கே கல்லான மரங்கள் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்த சிலிக்கா நுழைந்து, மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். செஞ்சி மலையின் கிரானைட் பாறைகளோ அதைவிடவும் பல மடங்கு பழசு. இந்த அளவுகோலில் யோசித்தால்தான் டார்வின் புரிவார்.

முடிவு யார் கையில்?

அமெரிக்காவில் 1925-ல் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கே நடந்தது. இங்கே வழக்கும் இல்லை, தடையும் இல்லை. பக்கங்களைக் குறைத்தார்கள், அவ்வளவே. 1976 முதல் கல்வி பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் தனிப் பாடநூல் வைத்துக்கொள்ளலாம். நம் சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' தனிப் பாடமாகவே வந்தது. அதாவது ஒரே தெருவில் இருக்கிற ரெண்டு பசங்களில், எந்த போர்டு ஸ்கூல் என்பதைப் பொறுத்து ஒருத்தனுக்கு டார்வின் தெரியும், இன்னொருத்தனுக்குத் தெரியாது.

யோசிக்க: உங்க வீட்டில் பத்தாவது படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா அவங்க அறிவியல் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்க. பரிணாமம் இல்லையென்றால், மேலே சொன்ன காய்ப்புழு கதையை அவங்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்க. பத்து நிமிஷம் போதும்.