சராசரி சொல்லாத தாமதம்

சென்ற ஆண்டு பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில், அம்மாவின் கைபேசியோடு என்னிடம் வந்தாள். கட்டணம் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை. பதற்றத்தில் இரண்டாவது முறையும் செலுத்தியிருக்கிறார்கள். கூடுதலாகப் போனது அந்த அம்மாவின் ஒரு நாள் கூலி. "பணம் எங்க சார் போச்சு?" என்றாள். ஒரு தொகை நான்கு நாள் கழித்துத் திரும்பியது. ஆனால் அந்தக் கேள்வி, வணிகக் கணித வகுப்பில் புள்ளியியல் பாடமானது.

கம்பி வழியே போவது பணமல்ல, செய்திதான். 1973இல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் தொடங்கிய, பெல்ஜியத்தில் தலைமையகம் கொண்ட ஸ்விஃப்ட் அமைப்பு பணத்தைக் கையால் தொடுவதில்லை. வங்கிகளுக்கிடையே செய்தியை மட்டும் கொண்டு சேர்க்கிறது. அனுப்பிய செய்திக்கு ஏற்பு அல்லது மறுப்பு என்ற பதில் வரவேண்டும். இத்தகைய சர்வர் நன்றாக இயங்குகிறதா என்று எப்படி அறிவது?

பத்துச் செய்திகளின் நேரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஒன்பதுக்குத் தலா 1 நொடி, ஒன்றுக்கு 31 நொடி. கூட்டுச்சராசரி 4. எந்தச் செய்தியும் 4 நொடி எடுக்கவில்லை! இடைநிலை அளவு 1. அதைப் பார்த்தால் குறையே தெரியாது. 90ஆவது நூற்றுமானம் 28. தவித்த ஒருவரை அதுதான் காட்டிக்கொடுத்தது. நூற்றுமானம் எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை.

அடுத்து ஒரு செயல்பாடு. ஒரு மாணவர் சர்வர். வரும் சீட்டில் எண் எழுதி முத்திரையிட அவருக்கு 8 நொடி. 10 நொடிக்கொரு சீட்டு தந்தபோது சிக்கலில்லை. 6 நொடிக்கொன்றாகத் தந்தால்? கணக்குப்படி ஐந்து நிமிடத்தில் வருபவை 50, முடிபவை 37, மேசையில் 13. "நான் அதே வேகத்துலதான் சார் போடறேன்" என்றார் சர்வர். உண்மைதான். சீட்டைக் கையில் எடுத்ததிலிருந்து அளந்த குழு எல்லாவற்றுக்கும் 8 நொடி என்றே எழுதியது. மேசைக்கு வந்ததிலிருந்து அளந்தால் ஐம்பதாவது சீட்டுக்கு 106 நொடி. கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பதை ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. இரு குழுக்களும் சண்டையிட்டே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு சோதனையும் வேண்டும். வந்தவை = ஏற்பு + மறுப்பு + காத்திருப்பவை. எங்கள் கணக்கில் ஒன்று குறைந்தது. சீட்டு பெஞ்சுக்கடியில் கிடந்தது. வேகம் எவ்வளவு இருந்தாலும், பணம் பற்றிய செய்தியில் இந்தச் சமன்பாடு பொய்த்தால் அபாயமணி ஒலிக்கவேண்டும்.

முடிக்கும் நேரத்தில் அந்த மாணவி எழுந்தாள். "எங்கம்மா ரெண்டாவது தடவை அனுப்பினதும் அதே வரிசையிலதானே போய் நின்னிருக்கும்?" ஐந்தில் ஒருவர் மறுபடி அனுப்பினால் வரிசை எவ்வளவு நீளும் என்பதை மறுநாள் கணக்காகக் கொடுத்தேன்.