200 மணி நேரமா, 1,500 மணி நேரமா?

கேள்வி: 200 மணி நேரம் பறந்தவர்கூட பயணிகள் விமானத்தை ஓட்டலாமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால், துணை விமானியாக மட்டும்!

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும். மருத்துவத் தகுதி, வானிலை, வழியறிதல், விமானச் சட்டம் போன்ற தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல் ஆகியவையும் தேவை. அதில் 100 மணி நேரம் விமானம் அவர் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். பிறகு ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட ரகத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. கேப்டனாக வேண்டுமென்றால் ஏ.டி.பி.எல். எனும் உயர்நிலை உரிமம் வேண்டும். அதற்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் அவசியம்.

அமெரிக்காவில் கதை வேறு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது, மூக்கைத் தாழ்த்தாமல் கேப்டன் மேலே இழுத்துவிட்டார். அதன்பின் வந்த சட்டத்தால், 2013 முதல் துணை விமானிக்கும் உயர்நிலை உரிமம் கட்டாயமானது. அதுவரை 250 மணி நேரமே போதுமாக இருந்தது.

விநோதம் என்னவென்றால், அந்த விமானிகள் இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். எண்ணிக்கையா, பயிற்சியின் தரமா என்ற வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. ராணுவ விமானிகளுக்கு மட்டும் 750 மணி நேரம் போதும் என்ற சலுகை உண்டு.