காக்கி அட்டைக்குள்ளே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பார்சல் படத்தைப் பார்த்தேன். தங்க நிறத் தாள், சிவப்பு ரிப்பன், மேலே கொட்டை எழுத்தில் 'பழைய எல்.பி. ரிக்கார்டு'. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் போகிற வழியில் அதன்மேல் நாலு மூட்டை விழும், ரிப்பன் எதிலாவது மாட்டிக் கிழியும். உள்ளே விலைபோகிற சரக்கு இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்வானேன்? வெளியே காக்கி அட்டை, தெளிவான முகவரி, பின்கோடு, போன் நம்பர் போதும். காசையும் ரசனையையும் உள்ளே செலவழி.

ரிக்கார்டுத் தட்டை அட்டையுறைக்குள் வைத்தபடியே அனுப்பாதே. ஒரு எல்.பி. 120 முதல் 180 கிராம் வரை இருக்கும். பார்சல் விளிம்பு குத்தி விழுந்தால் பெட்டி தரையில் நின்றுவிடும். தட்டு நிற்காது, உறையின் ஒட்டுவாயை உள்ளிருந்தே கிழித்துவிடும். நாற்பது, ஐம்பது வருஷம் தாங்கிய உறை அந்த ஒரே அடியில் பாழ். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டையுறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பாலிதீன் கவரில் போடு. பழைய உள்ளுறை நைந்திருந்தால் புதிது போடு; ஆனால் கம்பெனி விளம்பரம் அச்சிட்ட அந்தப் பழைய தாளையும் கூடவே வை, அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. பி.வி.சி. கவர் மட்டும் வேண்டாம். நாள்பட அதிலிருந்து கசிவது தட்டின்மேல் மங்கலாகப் படியும், கழுவினாலும் போகாது. வாயில் பசை தடவிய கவரும் ஆபத்துதான்: உறையை உருவும்போது பசை ஒட்டி, அட்டைப்படத்தில் நாயகியின் முகம் உரிந்து வந்துவிடும்.

சீல் பிரிக்காத தட்டென்றால் வாங்குகிறவரிடம் கேட்காமல் பிரிக்காதே. பிரித்தால் விலை இறங்கிவிடும்.

பிறகு அட்டை. எல்.பி. உறை சுமார் 31.5 சென்டிமீட்டர் சதுரம். நெளி அட்டையை 33 சென்டிமீட்டருக்கு வெட்டி முன்னும் பின்னும் வை. ஒன்றில் நெளிவு நெட்டாகவும் மற்றதில் குறுக்காகவும் ஓடட்டும். அப்போது எந்தப் பக்கமும் மடங்காது. சுற்றிலும் அந்த முக்கால் சென்டிமீட்டர் எதற்கென்றால், மூலை இடிபடும்போது நசுங்குவது உன் அட்டையாக இருக்க வேண்டும், உறையாக இருக்கக் கூடாது. பெட்டியை மூடி ஆட்டிப் பார். லொடலொடத்தால் மறுபடி பிரி.

78 வேகத் தட்டு வேறு ஜாதி. அது அரக்குத் தட்டு, வளையாது, உடைந்துவிடும். 'அறுபதுகளில் வந்தது, வினைலாகத்தான் இருக்கும்' என்று நினைத்துவிடாதே; 1960களின் நடுவிலும் கல்கத்தா டம்டம் ஆலையில் 78 அச்சாகிக்கொண்டிருந்தது. லேபிளைப் பார். அரக்கென்றால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அட்டை, பபிள் ராப், பெட்டிக்குள் பெட்டி. வினைலுக்கோ வெயில்தான் எமன். சித்திரை, வைகாசியில் வெள்ளிக்கிழமை பார்சல் போடாதே. ஞாயிறு முழுக்க எந்தத் தகரக் கொட்டகையில் கிடக்குமோ!

இனி உன் அழகுக்கு வருவோம். கவரைச் சுற்றி ஒரு பட்டர் பேப்பர். டேப்பின் நுனியை மடித்துவிடு, கத்தி இல்லாமல் இழுத்துப் பிரிக்கலாம். கத்தி வைக்கிறவன் எவ்வளவு ஆழம் போவான் என்று யாருக்குத் தெரியும்? மேலே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'தட்டு உறைக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டில் லேசாக டிக் டிக் சத்தம் வரும், ஊசி தாண்டாது.' கீறலை நீயே முதலில் சொல்லிவிட்டால் சண்டைக்கு வந்தவரும் அடுத்த தட்டு கேட்பார்.

அடுத்து கட்டுகிற பார்சலை எனக்கு அனுப்பு. ஏதாவது ஒரு இ.பி. தட்டு போதும், பணம் போட்டுவிடுகிறேன். தங்கத்தாள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்