உயர்திணையில் ஒரு மாணவர்

மூக்கண்டப்பள்ளி

ஆசிரியப் பணியில் சேரவிருக்கும் மகளுக்குப் பெரியப்பா எழுதும் மடல்.

குழந்தை பிறந்தவுடன் உடற்குறியை வைத்து ஆண் என்றோ பெண் என்றோ பிறர் குறிப்பது ‘பால்’ எனவும், அக்குழந்தை வளர வளரத் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளூர உணர்வது ‘பாலின அடையாளம்’ எனவும் இன்று வழங்கப்படுகின்றன. பெரும்பாலோரிடம் இவ்விரண்டும் ஒத்துப்போவதால், இவை வெவ்வேறானவை என்ற எண்ணமே எழுவதில்லை. ஆணாக வளர்க்கப்பட்டுப் பெண்ணாகத் தம்மை உணர்பவர் திருநங்கை. பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக உணர்பவர் திருநம்பி. இரு சாராருக்கும் பொதுப்பெயர் திருநர். உடற்கூறே இரண்டில் ஒன்றாக வகுக்க இயலாதபடி அமையப் பிறந்தவர் ஊடுபாலினர் எனப்படுவர். இவர்களைத் திருநரோடு சேர்த்துக் குழப்புவது படித்தவர்களிடமும் காணப்படும் பிழை.

இவை நேற்று முளைத்த சொற்களாக இருக்கலாம். பொருள் நேற்று முளைத்ததன்று. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு முடியும் என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதி வகுத்தார். பவணந்தி முனிவர் நன்னூலில், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுபவரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுபவரைப் பெண்பாலிலும் வைத்தார். அதாவது ஒருவர் எதை விட்டார் என்பதைக் காட்டிலும் எதை நாடினார் என்பதே அங்கு அளவுகோலாக நின்றது. அதே நூற்பாவின் இறுதியில் அஃறிணை முடிபும் வரலாம் என்று அவர் இடம் கொடுத்ததையும் மறைப்பதற்கில்லை. வருத்தம் என்னவென்றால், பள்ளிக்கூடங்கள் முன்பாதியை மறந்துவிட்டு இந்தக் கடைசித் துண்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

நடையில் நளினம் தெரியும் மாணவனைப் பார்த்து ‘அது வருது பாரு’ என்று பின்வரிசை சொல்வது, இலக்கணப்படி ஒரு பிள்ளையைத் திணை மாற்றி நாற்காலி மேசையோடு நிறுத்துவதாகும். இதற்கு அடுத்த ஆயுதம் ஓர் எண். ‘ஒன்பது’ என்பது தமிழ்நாட்டில் வெறும் எண்ணாக இல்லாமல் திருநங்கையரை இழிக்கும் சொல்லாகவும் வழங்குவதால், வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் அழைக்கப்படும்போதும், ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கப்படும்போதும் வகுப்பு முழுவதும் அந்த ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பிச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு கேட்கும்போது ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பாமல் எழுதிக்கொண்டே இருந்தால், அதை அனுமதி என்றே வகுப்பு புரிந்துகொள்ளும்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய இப்பகுதியில் சொல் சார்ந்த இந்தப் பிரச்சினை இன்னும் சிக்கலானது. ஏனெனில் இங்குள்ள வகுப்பறையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும், வேலை தேடி வந்த குடும்பங்களின் இந்தியும் ஒடியாவும் கலந்து ஒலிக்கின்றன. தமிழில் ‘நான் வந்தேன்’ என்பவர் ஆணா பெண்ணா என்பதை வினை காட்டிக்கொடுப்பதில்லை. இந்தியிலோ ‘மை ஆயா’, ‘மை ஆயீ’ என்று தன்னைப் பற்றிப் பேசும்போதே பாலை அறிவித்தாக வேண்டியிருப்பதால், அம்மொழி பேசும் பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்திலும் மாட்டிக்கொள்கிறது. தெலுங்கில் ‘வச்சிந்தி’ என்ற ஒரே வினை பெண்ணுக்கும் பொருளுக்கும் பொதுவாதலால், அவ்வீட்டுப் பிள்ளை தமிழில் ‘வந்துச்சு’ என்று சொல்வது எப்போதும் இழிவு நோக்கியதாகாது. கண்டிக்கும் முன் இதை ஆசிரியர் பிரித்தறிய வேண்டும். தமிழுக்கு வாய்த்த வசதி ‘அவர்’. பலர்பாலாகப் பிறந்து மரியாதை ஒருமையாக வளர்ந்த இச்சொல் எவரையும் எந்தப் பெட்டியிலும் அடைப்பதில்லை. ‘வாடா’, ‘போடி’ என்பவற்றை விட்டுவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர், எந்தப் பிள்ளையையும் தனித்துக் காட்டாமலே பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

சட்டம் வகுப்பறையைவிட வெகுதூரம் முன்னே சென்றுவிட்டது. தமிழ்நாட்டில் திருநங்கையருக்கான நல வாரியம் 2008இல் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நல்சா) தொடுத்த வழக்கில், தம் பாலின அடையாளத்தைத் தாமே தெரிவு செய்யும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதியோ ஏற்போ பெறும் கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றி உள்ளடக்கிய கல்வி வழங்க வேண்டும் என்றது. ஆசிரியருக்கு மிக நெருக்கமானது, சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த ஆணை. பால்வேறுபாடற்ற கழிப்பறை, கல்விச் சான்றுகளில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விளக்கம் எனப் பள்ளியின் அன்றாடத்தையே அது தொட்டது. அதே ஆண்டில் திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் நடத்தும் முறை குறித்து என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து மறைந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 4.88 லட்சம், அவர்களுள் எழுத்தறிவு பெற்றோர் 56 விழுக்காட்டளவே. பாதியில் பள்ளியை விட்டவர்களைப் பாடம் கடினமாக இருந்தது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. காலையில் தண்ணீர் குடித்தால் மதியம் கழிப்பறைக்குப் போக வேண்டுமே, அங்கே யார் காத்திருப்பார்களோ என்று அஞ்சி, நாள் முழுவதும் நாக்கு வறள அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இயற்கணிதம் ஏறாது. புதுக் கட்டடத்துக்கு நிதி வரும்வரை, ஆசிரியர் கழிப்பறை ஒன்றின் சாவியைச் சத்தமில்லாமல் கொடுத்துவைப்பது தலைமையாசிரியரின் ஒரு வாய்மொழி இசைவால் நடந்துவிடும்.

ஆர்வ மிகுதியால் வரும் ஆபத்தும் உண்டு. ஒரு பையன் மென்மையாகப் பேசுகிறான் என்பதற்காகவோ ஒரு பெண் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள் என்பதற்காகவோ அவர்களுக்குத் திருநர் என்று பெயர் சூட்டுவது ஆசிரியரின் வேலையன்று. தான் யார் என்று சொல்லும் உரிமை அப்பிள்ளைக்கே உரியது, சொல்லாமலிருக்கும் உரிமையும் அப்படியே. பிள்ளை நம்பிச் சொன்னதைப் பெற்றோர் கூட்டத்தில் போட்டு உடைத்தால், இரவு ஷிப்ட் முடித்து வந்த தந்தையின் கை எங்கே இறங்கும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். ‘மருத்துவரிடம் காட்டி மாற்றிவிடலாம்’ என்று பெற்றோர் கேட்டு வந்தால், அத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்ததைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். அடி, மிரட்டல் என்று போனால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

காகிதத்தில் கவனம் வேண்டிய இடம் பத்தாம் வகுப்பு. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவருக்கான அடையாளச் சான்றுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க முடியும். ஆகவே வீட்டின் இசைவு கனிந்திருந்தால் பொதுத்தேர்வுக்கான ‘நாமினல் ரோல்’ என்னும் மாணவர் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது, கனியாவிட்டால் காத்திருப்பதே பிள்ளைக்குப் பாதுகாப்பு. அந்தப் பட்டியலில் ஏறும் பெயரே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிப் பின்வரும் எல்லா வாசல்களிலும் கேட்கப்படுகிறது. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியின் காவல் உதவி ஆய்வாளர் விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டதற்குக் காரணம், அவருடைய பெயர் கல்விச் சான்றுகளில் இருந்த பெயரோடு பொருந்தவில்லை என்பதே. நீதிமன்றப் படியேறி 2015இல் அவர் உரிமை பெற்று, 2017இல் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார்.

அன்புடன்,
பெரியப்பா