மழைக்காலத்தில் மொரிஷியஸ் போகலாமா?

கேள்வி: ஆகஸ்டில் கணவரும் நானும் வெளிநாட்டுத் தீவு ஒன்றுக்குப் போக நினைக்கிறோம். மாலத்தீவா, மொரிஷியஸா?
– வாசகி, தளேகாவ்

பதில்: ஆகஸ்ட் என்றால் மொரிஷியஸ்தான். மாலத்தீவில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். மொரிஷியஸ் தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் அப்போது அங்கே இதமான குளிர்காலம், மழை குறைவு. புயல் பருவம் நவம்பரில்தான் தொடங்கும். ஒன்று மட்டும்: கிழக்குக் கரையில் அந்த மாதங்களில் காற்று பலமாக அடிக்கும். மேற்குக் கரையில் அறை எடுங்கள்.

இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்கட்டும். மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு. தளேகாவிலிருந்து எக்ஸ்பிரஸ்வேயில் கிளம்பினால் போதும்.

கடற்கரையோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு. போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளர்கள் இறங்கிய இடம். 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அவர்களில் தமிழர்களும் மராத்தியர்களும் உண்டு. இன்றும் அங்கே தைப்பூசக் காவடிக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் அரசு விடுமுறை. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது!

ஆப்ரவாசி காட்டுக்கு ஒரு காலைப் பொழுதை அவசியம் ஒதுக்குங்கள்.